வேர்க்கும் கேன்கள்

ஏப்ரல் 14

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்பதற்காகவோ, எங்கள் வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காகவோ எதையும் மாற்ற மாட்டேன். அறிவியல் டீச்சர் ஆய்வக நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘பார்த்தது’, மறுபக்கம் ‘நினைத்தது’ என்று எழுதச் சொல்வார்கள். இரண்டையும் கலக்கக் கூடாது. நானும் அப்படியே செய்யப் போகிறேன்.

என் பெயர் பெர்னதெத். ஊர் தருவைகுளம். ஜூனில் பத்தாம் வகுப்பு. அப்பா சுவக்கின், ‘சலேத் மாதா’ என்ற விசைப்படகின் சொந்தக்காரர். இன்று மதியம் போட் கரைக்கு வந்துவிட்டது. நாளையிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் எந்தப் போட்டும் கடலுக்குப் போகாது.

அப்பா வீட்டில் இருப்பதில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம். அப்பா கடலில் இருக்கும் நாட்களில் அம்மா வாசல் விளக்கை விடிய விடிய எரிய விடுவாள். போன ஆகஸ்டில் போட் டீசல் தீர்ந்து திசை மாறிப் போனதிலிருந்து இந்தப் பழக்கம். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக என் பாய்மேல் விழும். எத்தனையோ நூலகப் புத்தகங்களை அதில்தான் படித்து முடித்தேன்.

ஏப்ரல் 19

போட்டைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் அங்கேயே நின்று பழைய பெயிண்ட்டைச் சுரண்டினேன். கூட வேலை பார்த்தவர் கயித்தான் அண்ணன். அப்பாவோடு நெடுநாளாகக் கடலுக்குப் போகிறவர்.

எஞ்சின் ரூமுக்குள் இறங்கிப் பார்த்தேன். எஞ்சினின் புகை வெளியே போகும் குழாயை இங்கே எல்லோரும் சைலன்சர் என்பார்கள். அது போகும் இடத்துக்குப் பக்கத்தில், சுவர்ப் பலகைகள் மூன்று கறுப்பாக இருந்தன.

“அண்ணே, இது ஏன் இப்பிடி இருக்கு?”

“பழைய பலகைதானட்டி. கறுக்கத்தான் செய்யும். ஒங்க அப்பா தலையத் தவிர பழசான எல்லாம் கறுக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என்னை மேலே ஏறச் சொன்னார்.

பார்த்தது: பக்கத்துப் பலகைகளும் அதே வயதுதான், அவை கறுக்கவில்லை. விரலை வைத்துத் தேய்த்தேன், கரி ஒட்டியது.

நினைத்தது: எழுதவில்லை.

ஏப்ரல் 20

கயித்தான் அண்ணன் அந்த மூன்று பலகைக்கும் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார். மற்ற இடமெல்லாம் இன்னும் சுரண்டி முடியவில்லை.

ஏப்ரல் 27

ரெமி மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி, முழுப்பெயர் ரெமிஜியுஸ். ‘சலேத் மாதா’வின் எஞ்சின் டிரைவர். போன அக்டோபரில் கடலில் கொதிக்கிற கஞ்சி இடது கையில் கொட்டிவிட்டது. அதிலிருந்து மாமா கடலுக்குப் போகவில்லை. வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். டிரைவர் இல்லாததால் அப்பாவும் நாள்கணக்கில் கடலிலேயே நிற்கும் தங்குகடலுக்குப் போகாமல், காலையில் போய் மறுநாள் வருவதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று அப்பா சொன்னார்: “தட முடிஞ்சதும் பழையபடி தங்குகடலுக்குப் போகணும் மாப்ள. பக்கத்துல என்ன கெடக்கு? சாளை மீனுகூட இல்ல, ஒண்ணும் இல்ல. டேங்க நெறச்சு, உபரிக்கு கேன்ல டீசல் எடுத்துக்கிட்டா ஒரு வாரம் பத்து நாள் தைரியமா நிக்கலாம்.”

“கேன எங்க வைக்க, அத்தான்?”

“எங்க வைக்க? கீழதான். எஞ்சின் ரூம்ல.”

மாமா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தார். முள் எல்லாம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது.

“ஜூனுக்கு வந்துருவல்ல?”

“கை இன்னும் வலிக்கு அத்தான். பாப்போம்.”

அம்மா குழம்பை ஊற்றியபடி சொன்னாள்: “கஞ்சி கொட்டுன கை ஆறு மாசமாவா வலிக்கும்?”

மாமாவிடம்தான் கேட்டாள். ஆனால் பார்த்தது அப்பாவை. அப்பா தண்ணீர் கேட்டார். அவர் முன்னால் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

மே 3

வலைக்கூடத்துக்குப் போனேன். மாமா முழங்கை மறையும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்த வெயிலில் அங்கே மற்ற எல்லோரும் பனியனோடு இருந்தார்கள்.

“கேன எஞ்சின் ரூம்ல எப்பிடி மாமா நிக்க வைப்பீங்க? போட் ஆடும்போது உருண்டுராதா?”

“பழைய வலைய எடுத்துச் சுத்தித் திணிப்போம். அசையாது.”

எங்கள் ஊரில் பழைய வலை செய்யாத வேலை இல்லை. எங்கள் பூசணிக்கொடி ஏறுவது வலையில். கோழிக்கூட்டுக்குக் கதவு வலை. அம்மா பாத்திரம் தேய்ப்பதும் வலையைச் சுருட்டித்தான். அதனால் இதுவும் எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

“ஆனா கேனு வேர்க்கும்,” என்றார் மாமா.

“கேன் எப்பிடி வேர்க்கும்?”

“சூட்டுக்கு. மூடியச் சுத்தி நனஞ்சு நிக்கும். வேர்க்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எங்க அப்பா காலத்துலருந்து அப்பிடித்தான் சொல்லுதாங்க.”

“ஐஸ் போட்ட டம்ளர்தானே மாமா வேர்க்கும்? அது குளிர்ந்தாதான். சூட்டுக்கு எப்பிடி வேர்க்கும்? நீங்க தொட்டுப் பாத்தீங்களா?”

வலை ஊசி நின்றது.

“தொட்டுப் பாத்தேன்,” என்றார். பிறகு சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, “போயி படிட்டி. பத்தாம் கிளாஸுக்கு இதெல்லாம் கேக்க மாட்டாங்க,” என்றார்.

மே 5

இன்று ஒரு சோதனை செய்தேன். இருமல் மருந்து வந்த இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, விடியற்காலைக் குளிரில் டீசல் ஊற்றினேன். டீசல் கயித்தான் அண்ணன் தந்தது. தலைப்பேன் மருந்துக்கு என்று அவராகவே நினைத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை. (இதையும் எழுத வேண்டும் அல்லவா?)

முதல் பாட்டிலில் கழுத்து வரை, ஒரு சொட்டுக்கும் இடமில்லாமல். டீசல் பங்க்கில் கேன் நிரப்புவது இப்படித்தான். தளும்பத் தளும்ப நிரப்பினால்தான் நம் ஆட்களுக்குத் திருப்தி. இரண்டாவது பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டேன். இரண்டையும் மூடி, பழைய வலைத்துண்டு சுற்றி, வெள்ளைத்தாள் மேல் வைத்து, மொட்டைமாடியில் வெயில் படும் இடத்தில் விட்டேன்.

பார்த்தது: நண்பகலில் முதல் பாட்டிலின் மூடியைச் சுற்றி நனைந்திருந்தது. சுற்றியிருந்த வலை அதைக் குடித்து, அடியில் தாளில் எண்ணெய் வட்டம். வலையைப் பிழிந்தேன், விரலிடுக்கில் டீசல் வழிந்தது. இரண்டாவது பாட்டில் காய்ந்திருந்தது. அதன் தாள் வெள்ளையாகவே இருந்தது.

நினைத்தது: கேனுக்கு வேர்ப்பதில்லை. டீசல் சூட்டில் பெருகுகிறது. இடம் இல்லாததால் மூடி வழியாக வெளியே வருகிறது. டீசல் பெட்ரோல் மாதிரி உடனே பற்றாது என்று புத்தகத்தில் இருக்கிறது. தீக்குச்சியைப் போட்டால்கூட சில சமயம் அணைந்துவிடுமாம். ஆனால் துணியிலோ நூலிலோ ஊறி, நன்றாகச் சுட்ட இரும்பின் பக்கத்தில் இருந்தால்

மே 6

நேற்று எழுதியதை முடிக்கவில்லை. இன்றும் முடிக்கத் தோன்றவில்லை. காலையில் பூசணிக்கொடி ஏறிய நீல வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, “பூசணி பூக்கலன்னு கவலையா?” என்றாள். ஆமாம் என்றேன். இது பொய்.

மே 12

இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போட்டுக்குப் போனேன். அப்பா சுக்கானுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா பாட்டிலை வாங்கி, மூடியை மோந்து பார்த்தார். தெரியாத ஒன்றைக் கேட்டவர் மாதிரி அவர் முகம் இல்லை.

“இப்ப என்னங்க?”

எரிச்சல் வந்தால் என்னை ‘ங்க’ போட்டுத்தான் கேட்பார்.

“கேன மேல வைக்கலாம்ப்பா. கேபினுக்குப் பின்னால. காத்தோட்டமா இருக்கும்.”

“மேலதான் வச்சிருந்தேன், ஆகஸ்ட்ல. ஒரு அலைதான். கயிறோட போச்சு. ஆறு கேனும் எங் கண்ணு முன்னால மெதந்து போச்சு.” கிரீஸ் துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். “டேங்க்ல மிச்சம் இருந்தது ராத்திரிக்கே தீந்துட்டு. அப்புறம் நாலு நாளு. எஞ்சின் ஓடலன்னா போட்டு போட்டு இல்லட்டி, வெறும் கட்ட. கடலுக்குள்ள ஓடுற நீவாடு இழுக்குற பக்கம் போவும். ரெண்டு கப்பல் போச்சு. துண்ட வீசுனோம். அவன் திரும்பிக்கூடப் பாக்கல. கயித்தான் இருக்கானே, ஊர் சிரிக்கச் சிரிக்கப் பேசுதவன், அவன் மூணாவது நாளு பேச்ச நிறுத்திட்டான்.”

நான் என் கையிலிருந்த பாட்டிலின் மூடியை இறுக்கினேன்.

“கீழ வச்சா அலை எடுக்காது. அவ்வளவுதான். பாட்டில வீட்டுல வச்சிட்டு வா.”

பார்த்தது: அப்பாவின் கை கிரீஸ் துணியை விடவே இல்லை.

நினைத்தது: அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று நான் இதுவரை நினைத்ததில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் என் பாட்டில்களால் ஒரு பயனும் இல்லை.

மே 13

கப்பலில், படகில் பொருள் கட்டுவதைப் பற்றி நூலகத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. நூலகர் கோலப் புத்தகம் கொடுத்தார்.

மே 21

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னால் அம்மா மாமாவைப் போகவிட மாட்டாள், அப்பாவையும் விட மாட்டாள், வீட்டில் பெரிய சண்டை வரும். சொல்லாவிட்டால் ஜூனில் அந்தக் கேன்கள் அதே இடத்துக்குப் போகும். சொல்லாமல் இருப்பதே மோசம் என்று தோன்றியது.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “அம்மா, மாமா கையில பட்டது கஞ்சி இல்லன்னு நெனைக்கேன்,” என்றேன்.

அவள் கையை அலம்பிவிட்டு உள்ளே போனாள். இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். மாமாவின் கட்டம்போட்ட சட்டை. இடது கை பாதிக்குமேல் இல்லை. மிச்சமிருந்த ஓரத்தில் நீல நைலான் உருகி, மணிமணியாக ஒட்டிக் கிடந்தது.

“கஞ்சி கொட்டுனா சட்டையில வலை ஒட்டுமாட்டி?”

“ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“ரெமி போட்லருந்து இறங்கி வந்த அன்னைக்கே தெரியும். இந்தச் சட்டையக் கடல்ல தூக்கிப் போடச் சொல்லி கயித்தான்ட்ட குடுத்திருக்காங்க. அவன் மறந்து துணி மூட்டையில போட்டுட்டான். கயித்தான நம்பி ஒரு ரகசியம் சொல்ல முடியுமா?”

“அப்பாட்ட ஏன் கேக்கல?”

“அவங்களே சொல்லட்டும்னு இருக்கேன்.” மறுபடி மீன் பக்கம் உட்கார்ந்தாள். “நான் கேட்டா, ஆமா, சின்னதாப் பத்துச்சு, அமத்திட்டோம்பாங்க. அதோட முடிஞ்சுபோவும். அவங்க வாயால ஒரு நாளும் ஒத்துக்காத வரைக்கும் அதே எடத்துலதான் கொண்டு வைப்பாங்க. வேற எடத்துல வச்சா, ஏன் மாத்துனேன்னு நாலு பேரு கேப்பான்ல?”

இரண்டு மீனுக்குச் செதிள் உரசி முடித்தாள்.

“நீ புஸ்தகம் படிக்கிறியே. எங்க வச்சாதான் சரி?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: மேலே, நிழலில், காற்று படும்படி. சைலன்சருக்கும் அடுப்புக்கும் தூரமாக. கேனில் நான்கு விரல் இடம் விட்டு. ஆனால் அலை எடுக்காமல் எப்படி என்பது எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

“அது ரெமிக்குத் தெரியும்,” என்றாள். “அன்னைக்கே சொல்லியிருப்பான். கேக்க ஆள் இருந்திருக்காது.”

மே 22

அம்மா அந்தச் சட்டையைத் துவைத்தாள். சோப்புப் போட்டு, கஞ்சி போட்டு, வாசலுக்கு நேரே உள்ள கொடியில் காயப்போட்டாள். இரண்டு தோளிலும் கிளிப். கையில்லாத பக்கம் தெருவைப் பார்த்தபடி.

அப்பா டீயோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தார். அம்மா உள்ளேயிருந்து, “டீ ஆறிப்போவும், குடிங்க,” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அப்பா குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பு போடாமல் தெருவில் இறங்கி நடந்தார். வலைக்கூடம் இருக்கும் பக்கம்.

டீயில் எறும்பு மிதந்தது. நான்தான் ஊற்றிவிட்டேன்.

மே 24

அப்பாவும் மாமாவும் வெல்டிங் பட்டறையில் இருக்கிறார்கள். இரண்டு நாளாகச் சாப்பாடு அங்கேதான் போகிறது.

மே 29

கேபினின் பின்சுவரோடு சேர்த்து இரும்புச் சட்டம் வைத்து, தளத்தின் அடிக்கட்டை வரை போல்ட் முடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கேனும் தனித்தனி அறைக்குள் உட்காரும். முன்னால் குறுக்குக் கம்பி. மேலே தார்ப்பாய். கீழே ஒரு தகரத் தட்டு, சிந்தினால் தெரிவதற்கு. மாமா அந்தச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார். அசையவில்லை.

“அலை வரட்டும். போட்டோடதான் எடுத்துட்டுப் போவணும்,” என்றார்.

கயித்தான் அண்ணனுக்கு மட்டும் கோபம். “எடத்த எல்லாம் இதுக்குக் குடுத்துட்டா வலைய எங்க போட? எந் தலையிலயா?”

“நாலு வலை கரையில கெடக்கட்டும்,” என்றார் அப்பா.

“நாலு வலைன்னா கொஞ்ச மீனா அண்ணாச்சி? பங்கு கொறையும்ல?”

“கொறையும்.”

கயித்தான் அண்ணன் அப்பாவைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார். “சரி. கேனுக்குக் கூண்டு கட்டியாச்சு. அடுத்து எனக்கும் ஒண்ணு கட்டுங்க, நானும் அலையில போயிறக் கூடாது,” என்றார். மாமா சிரித்ததை அக்டோபருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

மாமா இன்னொன்றும் சொன்னார். டேங்கில் இடம் விழுந்ததும் முதல் வேலையாக, கடல் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, கேன் டீசலைக் குழாய் வைத்து டேங்குக்கு இறக்கிவிட வேண்டுமாம். கேனில் டீசல் இருக்கும் நாள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதை என் நோட்டில் தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

மே 30

அப்பா எஞ்சின் ரூமிலிருந்த பழைய வலை அத்தனையையும் தாமே இழுத்து வெளியே போட்டார். கரையில் ஒரு சின்னக் குன்று மாதிரி கிடந்தது. பிறகு சுரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். நெடுநேரம் உள்ளேயே இருந்தார். ஏதோ சுரண்டும் சத்தம். நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன்.

பார்த்தது: அந்த மூன்று பலகையில் மட்டும் புதுப் பச்சை பெயிண்ட் போய், கறுப்பு வெளியே தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் பச்சை.

“அது அப்பிடியே இருக்கட்டும்,” என்றார் அப்பா. என்னிடம் சொன்னாரா, மாமாவிடமா தெரியவில்லை. மாமா என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 8

பள்ளி திறக்கப் போகிறது. கேபினில் சிவப்பாக ஒரு தீயணைப்பான் தொங்குகிறது. இத்தனை வருடம் அதன்மேல் ஈரத்துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். மாமா அதைத் தூத்துக்குடிக்கு எடுத்துப்போய்ப் புதிதாக நிரப்பி வந்தார். மாட்டிய கையோடு கயித்தான் அண்ணன் தன் துண்டை அதன்மேல் போட்டார். மாமா துண்டை எடுத்துக் கடலில் எறிந்துவிட்டார். நல்ல துண்டு.

ஜூன் 14

சர்ச்சிலிருந்து சாமியார் வந்து எல்லாப் போட்டுகளையும் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். ஒவ்வொரு வருடமும் கேபினுக்குள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்த வருடம் அம்மா மெழுகுவர்த்தியை ஏற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். “வீட்டுல ஏத்திக்கிடுதேன்,” என்றாள். அப்பா தலையசைத்தார்.

பிறகு அம்மா கேபினுக்குப் பின்னால் போனாள். காலையிலேயே நிரப்பிய கேன்கள், நான்கு விரல் இடம் விட்டு. மத்தியான வெயில் நன்றாக ஏறியிருந்தது. தார்ப்பாயைத் தூக்கி, ஒவ்வொரு கேனின் மூடியைச் சுற்றியும் உள்ளங்கையால் தடவினாள். கையை மோந்து பார்த்தாள். கடைசிக் கேன் வரை அவசரப்படாமல் பார்த்தாள். மாமா, “என்னக்கா, காய்ச்சல் பாக்கியா?” என்றார்.

“வேர்க்கல,” என்றாள் அம்மா.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். “அக்டோபர்ல…” என்று ஆரம்பித்தார்.

“தெரியும்,” என்றாள் அம்மா. “போயிட்டு வந்து சொல்லுங்க. முழுசாக் கேக்கணும்.”

ஜூன் 15

விடியும்போது எல்லாப் போட்டும் ஒன்றாகப் புறப்பட்டன. மாமா அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். அவர் கையைக் கரையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் அந்தக் கையாலேயே எனக்கு டாட்டா காட்டினார். அப்பா சுக்கானைப் பிடித்திருந்ததால் திரும்பவில்லை. ‘சலேத் மாதா’ கரைக்கு எதிரே உள்ள தீவைத் தாண்டும் வரை பின்பக்கத் தார்ப்பாய் நீலமாகத் தெரிந்தது.

கரையில் விட்டுப்போன நான்கு வலைகளையும் அம்மாவும் நானும் மடித்து வலைக்கூடத்தில் வைத்தோம். எதிர்பார்த்ததைவிடக் கனம்.

பள்ளியில் முதல் நாள். அறிவியல் டீச்சர், விடுமுறையில் யாராவது சோதனை ஏதும் செய்தீர்களா என்று கேட்டார்கள். நான் கை தூக்கவில்லை. நாளை தூக்கலாம் என்று இருக்கிறேன்.

மாலையில் அம்மா மாதா படத்துக்கு முன்னால் அந்த மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அது கரைந்து முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, போன ஆகஸ்டிலிருந்து வழக்கம்போல், வாசல் விளக்கைப் போட்டாள். நான் ஜன்னலோரம் பாயைப் போட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நினைத்தது என்று எழுத நிறைய இருக்கிறது. டீசல் இருக்கிறது, சட்டம் அசையாது, எஞ்சினுக்குப் பக்கத்தில் மாமா இருக்கிறார். ஆனாலும் கடல் கடல்தான். அதை எந்தப் போல்ட்டாலும் முடுக்க முடியாது. அம்மா இப்போது கதவைத் திறந்து வாசலில் நின்று, கடல் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வருகிறாள். சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

“எழுதி முடிச்சிட்டியாட்டி?”

“இன்னும் ஒரு வரிம்மா.”

“அப்ப சட்டுன்னு எழுது. எனக்குத் தூக்கம் வருது.”

பார்த்தது: அம்மா வாசல் விளக்கை அணைத்துவிட்டாள்.